தட்டம்மை இறங்கிய பிறகு

பிப்ரவரி 11, ஞாயிறு

ஒன்றேகால் வயது மகள் ஜோவிக்கு நேற்று மாலையிலிருந்து காய்ச்சல். மூக்கு ஒழுகுகிறது. கண் இரண்டும் சிவந்து கிடக்கின்றன. சன்னலைத் திறந்தால் முகத்தை என் தோளில் புதைத்துக்கொள்கிறாள். கஞ்சி இரண்டு வாய்தான் இறங்கியது. மூன்றாவது என் சட்டையில்.

பேச ஆள் இல்லாத வீட்டில் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. பிரிஜிதா குவைத்துக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அங்கே ஒரு மருத்துவமனையில், குழந்தைகள் வார்டில் நர்ஸ். ஜோவி வயிற்றில் இருந்தபோதே அந்த வேலைக்கான தேர்வுக்குப் படித்தாள், வயிற்றின் மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு. முழு மனதோடுதான் அனுப்பி வைத்தேன். முழு மனதோடு என்று அழுத்தி எழுதுவதற்குக் காரணம் என் அக்கா செலின். இன்று ஆராதனை முடிந்து நேரே இங்கே வந்தாள்.

"ஒத்த ஆம்பளயா நின்னு பிள்ள வளத்திருவியாக்கும்? பெண்டாட்டிய வரச் சொல்லுலே. இல்லண்ணா பிள்ளய எனக்கிட்ட தா."

"எனக்க பிள்ளய எனக்குப் பாக்கத் தெரியும்க்கா."

"தெரியும், தெரியும். பாத்தாலே தெரியுதே." என் சட்டையைப் பார்த்துச் சிரித்தாள்.

என் வேலை வீட்டிலேயே. கல்யாணப் புகைப்படக்காரர்கள் படங்களை அனுப்புவார்கள். நான் கணினியில் ஆல்பமாக அடுக்கித் திருப்பி அனுப்புவேன். இன்று திங்கள்சந்தையில் நடந்த கல்யாணம் ஒன்று. மணப்பெண்ணின் நெற்றியில் இருந்த பருக்களை எடுத்தேன். ஒரு கையால்தான். இன்னொரு கையில் ஜோவி.

பிரிஜிதா கூப்பிட்டபோது, "சளி. சாரமில்ல" என்றேன்.

பிப்ரவரி 14, புதன்

காதுக்குப் பின்னால் தொடங்கி, நெற்றி, கழுத்து, நெஞ்சு என்று செம்மணலை அள்ளித் தெளித்ததுபோலத் தடிப்புகள். கருங்கல் ஊரில் டாக்டர் ஷீபாவிடம் காட்டினேன். வாயைத் திறந்து பார்த்ததுமே சொல்லிவிட்டார். தட்டம்மை.

"ஒம்பதாம் மாசம் ஊசி போட்டோமே டாக்டர்?"

"போட்டிருக்கீங்க. சில பிள்ளைகளுக்கு அந்த முதல் ஊசி பிடிக்காது, வேலை செய்யாது. அதுக்காகத்தான் ரெண்டாவது. இவளுக்கு எப்போ?"

"அடுத்த மாசம்."

அவர் மருந்துச் சீட்டை எழுதினார். வைட்டமின் ஏ சொட்டு இன்று ஒன்று, நாளை ஒன்று. காய்ச்சலுக்கு மருந்து. நிறைய தண்ணீர். மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே கொண்டுவர வேண்டும்.

அக்கா வேப்பிலை கொண்டுவந்து கட்டிலைச் சுற்றி வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்திருந்தால் அம்மை தானே இறங்கியிருக்கும் என்றாள். நான் வேப்பிலையையும் எடுக்கவில்லை, சொட்டு மருந்தையும் நிறுத்தவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

பிரிஜிதா வீடியோவில் பார்த்துவிட்டாள். விளக்கை அணைத்துவிட்டுத்தான் பேசினேன். ஆனால் ஜோவிக்கு போனைக் கண்டால் போதும், "ம்மா" என்று பிடுங்கி முகத்தருகே வைத்துக்கொள்வாள். அவளைப் பொறுத்தவரை போனுக்குப் பெயரே அதுதான்.

"என்னது அது, கன்னத்துல?"

சொன்னேன்.

"எப்பலேருந்து?"

அதையும் சொன்னேன்.

பிறகு நர்ஸ் குரலில் பேசினாள். "கேளுங்க. தட்டம்மை இறங்கிட்டு, இனி ஒண்ணுமில்லண்ணு விட்டுராதிய. அதுக்குப் பொறவுதான் பாக்கணும். சளி, காது, வயித்தால போறது, நிமோனியா, எது வேணும்னாலும் வரும். ஒரு வருசம், ரெண்டு வருசம்கூட. வெளங்குதா?"

"வெளங்குது."

"எனக்கிட்ட எதுக்கு மறைச்சிய?"

மறைக்கவில்லை. அவள் டியூட்டியில் இருந்தாள். அங்கிருந்து அவளால் என்ன செய்ய முடியும்? அழத்தான் முடியும்.

பிப்ரவரி 25, ஞாயிறு

தோல் தவிடுபோல் உதிர்கிறது. ஜோவி இன்று ஒரு இட்லி முழுவதும் தின்றாள். முற்றத்தில் கோழியைத் துரத்தினாள். பக்கத்து வீட்டு மரியதாஸ் அண்ணன் தன் ஆட்டோவில் உட்கார வைத்து ஹாரனை அடிக்கவிட்டார். தெரு முழுக்க அவள் சத்தம்.

பிரிஜிதாவுக்கு அந்த வீடியோவை அனுப்பினேன். பதிலுக்கு இதயம், இதயம், இதயம்.

அக்காவுக்கும் அனுப்பினேன். அவள் பதில் போடவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

இடது காதில் சீழ். தலையணையில் மஞ்சளாகக் கறை. காதைத் தொட விடமாட்டேன் என்கிறாள். டாக்டர் ஷீபா ஆன்டிபயாடிக் எழுதித் தந்தார். இதற்கு முன் அவளுக்குக் காதில் எதுவும் வந்ததில்லை.

ஆல்பம் இரண்டு தேங்கி நிற்கின்றன.

மார்ச் 29, வெள்ளி

பெரிய வெள்ளி. ஆராதனைக்குப் போகவில்லை. காது ஆறியது, அடுத்து சளி. கூட்டத்துக்குள் கொண்டுபோக வேண்டாம் என்று பிரிஜிதா சொல்லியிருக்கிறாள். ஜோவியோடு வீட்டுக்குள்ளேயே இருந்தேன். ஒலிபெருக்கியில் பாட்டு கேட்டது. அவள் கை தட்டினாள்.

ஏப்ரல் 22, திங்கள்

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இன்று வந்தோம். வயிற்றுப்போக்கு, வாந்தி. கண் உள்ளே போய்விட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் கடைசியில் தலையில் குத்தினார்கள். அதற்காக முன்பக்கம் கொஞ்சம் முடியை மழித்திருக்கிறார்கள். கண்ணாடியில் பார்த்துவிட்டு அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருக்கிறாள்.

இந்த வயிற்றுப்போக்கு வராமல் இருக்கத்தான் கைக்குழந்தையாக இருந்தபோது மூன்று தடவை சொட்டு மருந்து கொடுத்தோம். அது குறித்திருந்த தடுப்பூசி அட்டையை நான் டாக்டர் ஷீபாவிடம் காட்டினேன். கொஞ்சம் கோபமாகவே காட்டியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அவர் நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். "உங்க மனைவி நர்ஸ்தானே, சொல்லியிருப்பாங்க. நானும் சொல்றேன். நம்ம உடம்பு ஒரு கிருமியோட ஒரு தடவை சண்டை போட்டா, அதை ஞாபகம் வச்சுக்கும். தடுப்பு மருந்தும் அப்படித்தான், சண்டை போடாமலேயே ஞாபகத்தைக் கொடுத்திடும். அந்த ஞாபகத்தை வச்சிருக்கிற அணுக்கள் ரத்தத்துல இருக்கு. தட்டம்மைக் கிருமி போய்ப் பிடிக்கிறதே அந்த அணுக்களைத்தான். நிறைய அழிஞ்சு போயிடும். முழுசா இல்ல, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு அளவு."

"அப்ப இவளுக்கு எல்லாம் போயிட்டா?"

"எவ்வளவு போச்சுன்னு இங்க வச்சுப் பாக்க முடியாது. தட்டம்மை மட்டும் இனி இவளுக்கு வராது. அதை நல்லா ஞாபகம் வச்சிருக்கும். மத்ததெல்லாம் முதல்லேருந்து கத்துக்கிடணும். அதுவரைக்கும் சாதாரண சளியும் இவளுக்குப் புதுசு."

"ஊசியெல்லாம் திரும்பப் போட்டா?"

"சிலதைப் போடலாமான்னு கேட்டுச் சொல்றேன். அதுக்கு முன்னால இவ கொஞ்சம் தேறணும். பெரும்பாலான பிள்ளைங்க இதைத் தாண்டிடும். பயப்படாதீங்க. ஆனா எந்தக் காய்ச்சலா இருந்தாலும் ஒரு நாள்கூட வச்சுப் பாக்காதீங்க. உடனே கொண்டு வாங்க. என் கிளினிக் பூட்டியிருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

வரும் வழியில் மரியதாஸ் அண்ணன் ஆட்டோவை ஓட்டிக்கொண்டே கேட்டார். "என்ன சொன்னாவ?"

"உடம்பு மறந்து போச்சாம்."

"யாருக்க உடம்பு?"

நான் ஜோவியை மடியில் சரிசெய்து உட்கார வைத்தேன். அவர் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார்.

பிரிஜிதாவிடம், லேசான வயிற்றுக் கோளாறு, ஒரு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்றேன். முடி மழித்ததை உஷ்ணத்துக்காக என்றேன்.

மே 4, சனி

எடை குறைந்திருக்கிறது. சட்டை தோளில் நிற்காமல் நழுவுகிறது. புதுச் சொல் ஒன்று: "பூ". எல்லாமே பூதான். கோழி பூ, ஆட்டோ பூ, நான் பூ.

மே 19, ஞாயிறு

பிரிஜிதா மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கூடாது.

காலையில் இருமல் கொஞ்சம் அதிகமாக இருந்தது. காய்ச்சலும். நாளைக்கு டாக்டர் ஷீபாவிடம் காட்டலாம் என்று இருந்தேன். பிரிஜிதா வீடியோவில் வந்தாள். பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"பிள்ளைக்க சட்டைய தூக்குங்க."

தூக்கினேன்.

"போன நெஞ்சுக்குப் பக்கத்துல கொண்டு போங்க. ஆட்டாதிய. மூச்சு இழுக்கும்போ வெலா எலும்புக்குக் கீழ குழியுதா, பாருங்க."

பார்த்தேன். அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழே தோல் உள்ளே போய் வந்தது, யாரோ உள்ளிருந்து இழுப்பதுபோல.

"இப்பமே கொண்டு போங்க. இப்பம்! உடுப்பு ஒண்ணும் எடுக்காண்டாம்!"

மரியதாஸ் அண்ணன் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தார். நிமோனியா. ஆக்சிஜன் வைத்தார்கள். சரியான நேரத்தில் கொண்டு வந்தீர்கள் என்று அங்கிருந்த டாக்டர் என்னைப் பாராட்டினார்.

மே 23, வியாழன்

வீட்டுக்கு வந்தாயிற்று. பிரிஜிதா இன்று பேசினாள். பேசினாள் என்று எழுதுகிறேன். கத்தினாள்.

ஏப்ரலில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததை அக்கா சொல்லிவிட்டாள். குளுக்கோஸ் தலையில் ஏற்றியதையும்.

"உங்கள நம்பிதானே விட்டுட்டு வந்தேன்! ஒவ்வொண்ணையும் நான் கண்டுபிடிக்கணுமா? நான் இங்க அடுத்தவங்க பிள்ளைக்கு மூச்சு எண்ணிக்கிட்டு நிக்கேன். எனக்க பிள்ளைக்க மூச்சு போன்ல பாத்துத் தெரியணும், இல்லையா?"

"நீ பதறி உனக்கு வெப்ராளம் வரவேண்டாம்னுதான்..."

"எனக்க வெப்ராளத்த நான் பாத்துக்கிடுதேன். இன்னும் ஒரு காய்ச்சல் வந்தா, ஒரே ஒரு காய்ச்சல், நான் எல்லாத்தையும் போட்டுட்டு வந்திருவேன். ஒப்பந்தம் மயிரு எதுவும் எனக்கு வேண்டாம்."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

இரண்டு வருட ஒப்பந்தம். பாதியில் வந்தால் அந்தத் தேர்வு, அந்த வருடங்கள், எல்லாம் வீண். அவள் ஆசைப்பட்ட ஒரே விஷயம் அது. என்னால் அது கெட்டது என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. அக்கா சொல்லவே கூடாது.

ஜூன் 16, ஞாயிறு

மழை பிடித்துவிட்டது. துணி காயவில்லை. ஜோவியின் ஜட்டிகளை அயர்ன் பாக்ஸ் வைத்துக் காயவைக்கிறேன்.

மூன்று வாரமாக ஒன்றும் இல்லை. கன்னத்தில் கொஞ்சம் சதை. மார்த்தாண்டம் கல்யாண ஆல்பம் முடித்துக் கொடுத்துவிட்டேன். பிரிஜிதா தினமும் மாலையில் வீடியோவில் வருகிறாள். சட்டையைத் தூக்கச் சொல்கிறாள். ஜோவிக்கு இது விளையாட்டாகிவிட்டது. போன் அடித்தாலே தானே சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

பிரிஜிதா அதைப் பார்த்து முதலில் சிரித்தாள்.

ஜூலை 2, செவ்வாய்

டாக்டர் ஷீபா சொன்னார், ஒரு மாதம் இப்படியே போனால் ஊசிகளைத் திரும்பப் போடுவது பற்றி முடிவு செய்யலாம் என்று. எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே பார்த்துக்கொள்கிறேன் என்று நினைக்கிறேன்.

ஜூலை 13, சனி

மாலையில் உடம்பு லேசாகச் சுட்டது. மருந்து கொடுத்தேன், இறங்கிவிட்டது. மழையில் முற்றத்தில் நின்றிருப்பாள். பிரிஜிதாவிடம் சொல்லவில்லை. இறங்கிவிட்ட காய்ச்சலைச் சொல்லி என்ன.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் மறுபடியும் காய்ச்சல். டாக்டர் ஷீபாவின் கிளினிக் ஞாயிறு திறக்காது. நாளை காலையில் முதல் ஆளாகப் போய்விடலாம். பெரிய ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியும். அங்கே உட்கார்ந்தே இன்னொரு நோயை வாங்கிக்கொண்டு வருவோம். கூட்டத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்று பிரிஜிதாவே சொல்லியிருக்கிறாள்.

நல்ல மழை. ஜோவி பெரும்பாலும் தூங்கினாள். தூங்கினால் நல்லதுதான். கொஞ்சம் பால் குடித்தாள். விளையாடவில்லை.

மாலையில் பிரிஜிதாவின் வீடியோ அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. பிள்ளை அப்போதுதான் அயர்ந்திருந்தாள். 'மழை. டவர் இல்ல. அவ ஒறங்கிட்டா. நாளைக்குப் பேசுவோம்' என்று மெசேஜ் போட்டேன்.

'சரி' என்று பதில் வந்தது.

போர்வையை விலக்கிப் பார்க்கலாமா என்று நினைத்தேன். எழுப்பிவிடுவோமோ என்று விட்டுவிட்டேன். வேகமாகத்தான் மூச்சு விடுகிறாள், காய்ச்சல் இருந்தால் அப்படித்தான் இருக்கும்.

ஜூலை 18, வியாழன்

செவ்வாய்க்கிழமை காலையில் ஜோவி போய்விட்டாள்.

ஜூலை 21, ஞாயிறு

எழுதி வைத்துவிடுகிறேன். எழுதாவிட்டால் வேறு மாதிரி ஞாபகம் இருக்கும்.

திங்கள் காலையில் உதடு நீலமாக இருந்தது. நான் தூக்கியபோது தலை நிற்கவில்லை. மரியதாஸ் அண்ணன் வழியெல்லாம் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே ஓட்டினார். இரண்டு நுரையீரலிலும் நிமோனியா, கிருமி ரத்தத்திலும் கலந்துவிட்டது என்றார்கள். குழாய் வைத்து இயந்திரத்தில் போட்டார்கள். என்னை உள்ளே விட்டார்கள். கை சூடாக இருந்தது. ஒரு இளம் டாக்டர் என்னிடம் கேட்டார்.

"மூச்சு வாங்கினது எப்பலேருந்து?"

"காலையில பாத்தேன்."

"நேத்து இல்லையா?"

"நேத்து ஒறங்கிக்கிட்டு இருந்தா."

அவர் எழுதிக்கொண்டார்.

பிரிஜிதாவுக்கு மரியதாஸ் அண்ணன்தான் போன் செய்தார். அவள் விமானம் ஏறும்போது ஜோவி இயந்திரத்தில் இருந்தாள். திருவனந்தபுரத்தில் இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. விமான நிலையத்துக்கு அவளைக் கூட்டிவரப் போனது அக்கா. யார் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

பெட்டி மிகச் சின்னது. வீட்டு நடுவில் மேசைமேல் வைத்திருந்தார்கள். பிரிஜிதா உள்ளே வந்தாள். அழவில்லை. கவுனின் பொத்தான்களைக் கழற்றினாள். யாரோ தடுக்கப் போனார்கள். அக்கா அவர்களைப் பிடித்துக்கொண்டாள். பிரிஜிதா உள்ளங்கையை ஜோவியின் நெஞ்சில் வைத்து, அப்படியே நின்றாள். போதகர் வேதப்புத்தகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தார். பிறகு பொத்தான்களைப் போட்டுவிட்டு, காலரைச் சரிசெய்துவிட்டு, "எடுங்க" என்றாள்.

ஜூலை 29, திங்கள்

சோறு வைத்தேன். இருவரும் சாப்பிடவில்லை. கோழிக்குப் போட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

டாக்டர் ஷீபா வீட்டுக்கு வந்தார். பிரிஜிதாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருவரும் மருத்துவமனைச் சொற்களில் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். சாயா கொண்டுபோனபோது காதில் விழுந்தது.

"ஒரு ஊசி பிடிக்காமப் போச்சு டாக்டர். அவ்வளவுதான். அது பிடிச்சிருந்தா தட்டம்மை வராது. அது வரலண்ணா மத்தது எல்லாத்தையும் எனக்க பிள்ள தாங்கியிருப்பா."

"ஆமா."

"ஒரு ஊசி எத்தனைக்குக் காவலா இருந்திருக்கும்."

"ஆமா பிரிஜிதா."

டாக்டர் ஷீபா அழுதார். கதவருகே நின்ற எனக்கு ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது. யார் கையிலும் இல்லாத ஒன்று இது. ஊசி பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. பிரிஜிதா அலமாரியை ஒழித்தாள். பாதி தீர்ந்த மருந்து பாட்டில்களை எடுத்து மேசையில் வைத்தாள். ஒவ்வொன்றின் தேதியையும் படித்தாள். நான் அயர்ன் பாக்ஸ் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அண்ணைக்கு டவர் இல்லண்ணு மெசேஜ் போட்டியல்லா?"

"மழைல்லா."

"மழதான்." பாட்டிலின் மூடியை இறுக்கினாள். "உங்க பேருக்குக் கீழ ஆன்லைன்ணு இருந்துச்சு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். போச்சு, வந்துச்சு. திரும்பப் போச்சு, வந்துச்சு."

ஒரு ஆல்பத்தை அனுப்பவேண்டி இருந்தது. அது வேறு. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"சொல்லாண்டாம்," என்றாள். "நான் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். அக்காவக் கூப்பிட்டு, போய்ப் பாருங்கண்ணு சொல்லியிருக்கலாம். செய்யல. ஏன் தெரியுமா? எனக்கும் பாக்கப் பயமா இருந்துச்சு. பாத்தா வரணும். டவர் இல்லண்ணு நீங்க சொன்னதும், சரி, நாளைக்குப் பாப்போம்ணு ஒரு நிம்மதி வந்துச்சு எனக்கு. ஒறங்கிட்டேன். நல்லா ஒறங்கினேன் அண்ணைக்கு."

அயர்ன் பாக்ஸ் வயர் என் கையில் இறுகியிருந்தது.

"நீங்க போர்வைய எடுத்துப் பாத்தியளா?"

"அவ ஒறங்கிக்கிட்டு இருந்தா."

"அது தெரியும். பாத்தியளா?"

"இல்ல."

பாட்டில்களை ஒரு பையில் போட்டுக் கட்டினாள். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

ஆகஸ்ட் 17, சனி

பிரிஜிதா திரும்பிப் போகிறாள். இருந்து என்ன செய்ய என்றாள். குழந்தைகள் வார்டிலிருந்து மாற்றிக் கேட்டிருக்கிறாளாம், கிடைக்குமா என்று தெரியாது. விமான நிலையம் வரை மரியதாஸ் அண்ணன் ஒரு காரை வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டு வந்தார்.

வாசலில் அவள் பெட்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போனதும் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். நிறைய பேர் வந்து மறைத்துவிட்டார்கள். பார்த்திருக்கலாம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மரியதாஸ் அண்ணனின் மகள் பாறசாலையிலிருந்து பிள்ளையோடு வந்திருக்கிறாள். இரண்டு வயதுப் பெண். போன மாதம் அதற்கும் தட்டம்மையாம். இப்போது சுகம். எங்கள் முற்றத்துக்கு வந்து கோழியைத் துரத்துகிறது. நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

மதியம் மரியதாஸ் அண்ணன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவர் மகள்.

"ரெண்டு நாளா சளி. இண்ணைக்குக் கொஞ்சம் காய்ச்சலும் உண்டு. நாளைக்கு டாக்டர்ட்ட காட்டலாம்ணு இவ சொல்லுதா. நீங்க ஒண்ணு பாருங்க. எனக்கு என்னமோ போல இருக்கு."

"எனக்கு என்ன தெரியும் அண்ணே."

"சும்மா பாருங்க."

பிள்ளை அவர் தோளில் அயர்ந்து கிடந்தது. சட்டையைத் தூக்கினேன். விலாவின் கீழே தோல் உள்ளே போய் வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு மூச்சு பார்த்தேன், அவ்வளவுதான். எந்தச் சந்தேகமும் இல்லாமல் தெரிந்தது.

"ஆட்டோவ எடுங்க."

"நாளைக்கு..."

"இப்பம் அண்ணே! உடுப்பு ஒண்ணும் எடுக்காண்டாம்."

அவர் ஓட்டினார். பிள்ளை என் மடியில். அதன் தாய் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆவாதுல்லா? ஒண்ணும் ஆவாதுல்லா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். மாலைக்குள் மூச்சு கொஞ்சம் அடங்கியது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் கஷ்டம், இனி பயமில்லை என்றார்கள். தட்டம்மை வந்த பிள்ளை, இன்னும் கொஞ்ச காலம் இப்படித்தான் கவனமாகப் பார்க்கவேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு நான் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் ஷீபா எனக்குச் சொன்ன அதே மாதிரி, பிரிஜிதா சொன்ன அதே மாதிரி. ஒன்றையும் விடவில்லை. எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது.

மரியதாஸ் அண்ணன் வராந்தாவில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எப்பிடிக் கண்டுபிடிச்சிய? நான் காலையிலேருந்து தூக்கி வச்சிருக்கேன், எனக்குத் தெரியலியே."

"பாத்தா தெரியும் அண்ணே."

"பிரிஜிதாட்ட சொல்லுங்க. கேட்டா அதுக்கு ஒரு ஆறுதலா இருக்கும்."

சரி என்றேன். பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். கோழிக்கு அரிசி போட்டேன். பிரிஜிதா கூப்பிட்டாள், சாப்பிட்டீர்களா என்று கேட்டாள், சாப்பிட்டேன் என்றேன். இன்று என்ன விசேஷம் என்றாள்.

ஒன்றும் இல்லை என்றேன்.